பெரியப்பா தேர்ந்தெடுத்த ரயில்பாதை

துரைசாமி பெரியப்பா ராணுவ டெப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அவருக்கு ஒரு ரயில் வந்தது. மகன் தினேஷ் ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருந்தான். ஒரு எஞ்சின், நான்கு வேகன்கள், வளையமாகப் பூட்டிக்கொள்ளத் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அசல் ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு என்று பெட்டியில் போட்டிருந்தது. கூடத்துத் தரையில் அதைப் பூட்டி, பெரியப்பா குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். தரையோடு தரையாகப் பார்த்தால்தான் ரயில் நிஜமாகத் தெரிந்ததாம்.

"பாருடி உங்க பெரிப்பாவ," என்றார் மரியம்மாள் பெரியம்மா. "ஆறு மாசத்துப் புள்ள மாதிரி கவுந்துகினு கெடக்குறாரு. இன்னும் தவழ்றது தான் பாக்கி."

நான் அவருடைய தம்பி மகள். புனேக்கு வெளியே தேஹு ரோடு என்ற ஊரில், பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வேலைக்காகப் புனேயின் மறுகோடியில் கராடியில் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் புனே ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து வீட்டுக்கு வருவேன். அடுத்த சனிக்கிழமை வந்தபோது ரயில் மறுபடியும் பெட்டிக்குள் போயிருந்தது.

"சுத்தினதையே சுத்துது சோனியா. எங்க இருந்து வருது, எங்க போவுது, ஒண்ணும் கெடையாது. இது ரயிலா, செக்கா?" என்றார் பெரியப்பா.

அவர் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆரம்பக்காரர்களுக்கான ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வரவழைத்தேன். பெரியப்பா தமிழ் படிப்பார், இந்தி எழுதுவார். இங்கிலீஷில் எண்களும் சாமான் பெயர்களும் மட்டும் தெரியும். நான் ஏழாவது வரை தமிழிலும் பிறகு இங்கிலீஷிலும் படித்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசித்து, தமிழில் சொல்வது என்று ஆனது.

முதல் அத்தியாயத்திலேயே அந்தப் புத்தகம் கறாராகச் சொன்னது. உலகத்தில் உண்மையாக இருக்கும் ஒரு ரயில்பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள். அதில் ஒரே ஓர் இடம், ஒரே ஒரு வருஷம். அந்த இடத்தில் அந்த வருஷம் எது இருந்ததோ அதை மட்டும் செய். பிடித்ததையெல்லாம் சேர்க்காதே.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "சரியா சொல்றான். இன்னது இன்ன எடத்துல தான் இருக்கணும். அப்ப தான் அது சாமான். இல்லாங்காட்டி குப்பை."

முப்பத்து நான்கு வருஷம் அவர் அப்படித்தான் வேலை பார்த்தார். சுமை தூக்கும் மஸ்தூராகச் சேர்ந்து, கடைசிப் பதினாறு வருஷம் டெப்போவின் சைடிங்கில் வேகன்களைச் சரிபார்த்துக் குறிப்பவராக இருந்தார். சைடிங் என்பது மெயின் லைனிலிருந்து பிரிந்து டெப்போ கேட்டுக்குள் போகும் தனித் தண்டவாளம். வேகன் நம்பர், பூட்டின் சீல், வந்த நேரம், போன நேரம் என்று பலகையில் கிளிப் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் சந்தில் பாதி வீடுகள் டெப்போ வீடுகள், யார் வீட்டிலும் உள்ளே நடப்பதைப் பேசுகிற வழக்கமில்லை. கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்துக்கு "வேலை" என்று மட்டும் பெயர்.

"கல்யாணம் ஆன புதுசுல கேட்டேன், உள்ள இன்னா வேலைன்னு," என்பார் பெரியம்மா. "வேலை தான்னாரு. முப்பது வருஷம் கழிச்சிக் கேட்டேன். அப்பவும் வேலை தான்னாரு. நான் இன்னா பாகிஸ்தானுக்கா சொல்லப் போறேன், பக்கத்து வூட்டுக்குத் தான சொல்லுவேன்."

பாதையைத் தேர்ந்தெடுக்க நாங்கள் நாலைந்து ஞாயிறுகள் அலைந்தோம். முதலில் லோணாவளா போனோம், மலைமேல் ஏறி வரும் ரயில்களைப் பார்க்க. ஜூலை மழை. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது, பிறகு விளக்கு, பிறகு வண்டி. கடைசிப் பெட்டிக்குப் பின்னால், மலையேற்றத் தள்ளிக்கொண்டு வந்த எஞ்சின்கள். பெரியப்பா குடைக்கு வெளியே நின்று பார்த்தார். ஒரு மக்காச்சோளக் கதிரைத் தின்று முடித்த பெரியம்மா, "புடிச்சிருந்தா இதையே போட வேண்டியது தான," என்றார்.

"மலைய எங்க வைக்கிறது? ஆறடிக்கு நாலடிப் பலகை தான் நம்ம கூடத்துல புடிக்கும்."

"எந் தலை மேல வை. முப்பத்தஞ்சு வருஷமா அங்க தான எல்லாத்தையும் வச்சிருக்க."

பெரியம்மாவின் விருப்பம் மாத்தேரான் மலைக்குப் போகும் பொம்மை ரயில். கல்யாணமான வருஷம் ஒரே ஒரு முறை அதில் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறுகிய தண்டவாளத்துக்கேற்ற துண்டுகள் இங்கே எளிதில் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி தினமும் போகும் லோக்கலைப் போடலாமா என்றும் பார்த்தோம். பெரியப்பா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு பெட்டி லோக்கல், எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினாலும் ஒன்பதரை அடி நீளம். பலகையோ ஆறடி.

"வண்டி நிக்கும். பாதி வண்டி சமையல்கட்டுல நிக்கும்," என்றார்.

புனேயின் கேம்ப் பகுதியில் இருக்கும் இஸ்மாயில் பாயைப் பற்றி நான்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர், கடைக்கு மேல் அறையில் இருபது வருஷமாக மாதிரி ரயில்கள் செய்கிறவர். இந்த ஊரில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறார். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம் என்பதால் பெரியப்பாவைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, எல்லாரும் மொதல்ல காட், அந்த மலைப்பாதை தான் கேப்பாங்க. காட் போட மூணு ரூம் வேணும், மூணு ஆயுசும் வேணும். பிகினருக்கு ஒரு சைடிங் போதும். ஒரு எஞ்சின், அஞ்சு வேகன். எந்த வேகனை எங்க எடுக்கணும், எங்க வைக்கணும். அதுலயே ஒரு நாள் போயிடும். உங்களுக்கு நல்லா தெரிஞ்ச சைடிங் எதனா இருக்கா?"

பெரியப்பா சுவரில் இருந்த ஒரு சின்ன சிக்னலைப் பார்த்துக்கொண்டே, "இல்ல பாய்," என்றார்.

திரும்பும்போது லோக்கலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தாபோடி ஸ்டேஷன் தாண்டியதும், "ஒரு எஞ்சின், அஞ்சு வேகன்," என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பெரியப்பா கதவைச் சாத்திவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து சுருட்டி வைத்திருந்த ஒரு காலண்டர் தாளை எடுத்து விரித்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தண்டவாள வரைபடம். ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடுகள், தட்டை வைத்து வளைத்த வளைவுகள். ஒரு கோடுகூட அழித்து எழுதியதாகத் தெரியவில்லை. பதினாறு வருஷம் நடந்த இடம் அவர் கையில் அப்படியே இருந்தது.

"உனுக்கு மட்டும் தான் காட்றேன். பாத்துட்டு மறந்துடு."

பிறகு பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. வேகன்களில் எண்ணும் தேதியும் சாக்பீஸால் எழுதுவார்களாம். மழைக்காலத்தில் அது கரைந்துவிடும் என்று தன் செலவில் வெள்ளைப் பெயின்ட் டப்பா வைத்திருந்தாராம். ஒரு நொண்டி நாய் ஒவ்வொரு வேகனையும் மோந்து பார்த்துக்கொண்டு அவருக்கு முன்னால் போகுமாம். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்களாம். வண்டி உள்ளே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தை வைத்தே எத்தனை வேகன் என்று சொல்லிவிடுவாராம்.

"ஒரு தடவ கூட தப்பினதில்ல. வேணும்னா கேட்டுப் பாரு," என்றவர், யாரிடம் கேட்பது என்று யோசித்தவர்போல நிறுத்தினார். பிறகு, "பண்ணலாமா வேணாமான்னு தான் தெரியல. சேரும்போது கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், உள்ள பாத்தது உள்ளயே இருக்கணும்னு. வெளிய வந்துட்டா அது போயிடுமா? யோசிச்சிக்கினு இருக்கேன்," என்றார்.

எனக்கு அவர் யோசித்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் வேண்டாம் என்று சொல்ல விட்டிருக்க மாட்டார்கள். ஆறடிக்கு நாலடியில் இது அடங்கும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டால் அவரும் துணிந்துவிடுவார் என்று நினைத்தேன். எந்தச் சந்தேகம் வந்தாலும் குழுவில் கேள் என்று இஸ்மாயில் பாய் சொல்லியிருந்தார். பெரியப்பா டீ போடச் சமையல்கட்டுக்குப் போனார். நான் போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்தேன். கராடிக்குத் திரும்பும் வழியில் அதைக் குழுவில் போட்டு, "என் பெரியப்பா வேலை பார்த்த டெப்போவின் சைடிங். ஆறுக்கு நாலில் அடங்குமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். யாரோ ஒருவர், எந்த டெப்போ என்றார். தேஹு ரோடு என்று எழுதினேன்.

அதைத் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நொடியில் மறந்துடு என்ற சொல் என் நினைவுக்கு வரவேயில்லை. அவர் கேட்டதை நான் மறுக்கவில்லை, கேட்டதையே மறந்திருந்தேன். இதில் எது மோசம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வாரம் முழுவதும் பாராட்டுகள் வந்தன. இவ்வளவு சுத்தமான வரைபடத்தைப் பார்த்ததில்லை என்றார் ஒருவர். வளைவை எப்படிக் குறுக்குவது என்று இன்னொருவர் கோடு போட்டே காட்டியிருந்தார். இஸ்மாயில் பாய் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கடைக்குக் காலேஜ் திறக்கும் சீசன், அவர் அந்த வாரம் குழுவைப் பார்க்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை ஒரு பரிசைக் கொண்டுவருகிற மாதிரிதான் போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"பாருங்க பெரியப்பா. அடங்குமாம். எல்லாரும் உங்க கைய பத்தித்தான் பேசறாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எத்தினி பேர் கிட்ட இருக்குது?"

"நூத்தி நாப்பது."

"யாரு யாருன்னு தெரியுமா?"

"ரயில் புடிச்சவங்க தான் பெரியப்பா."

"பேரு தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது."

"டெப்போ பேர நீ தான் எழுதினியா?"

"ஆமா."

சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அழிச்சிடு," என்றார் மெல்ல. எல்லோர் போனிலிருந்தும் அழிக்க, அனுப்பியவளுக்கு இரண்டு நாள்தான் அவகாசம், ஒரு வாரமே ஆகிவிட்டது. என் போனிலிருந்தே இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "பாய், நான் துரைசாமி. அத எடுத்துடுங்க," என்றார். பாய் பதறி, குழுவை நடத்துகிறவர் என்ற முறையில் உடனே எடுத்துவிட்டார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் யாராவது தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால் யாரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு, பெரியப்பா போனை என்னிடம் நீட்டினார்.

திங்கட்கிழமை நடந்ததைப் பெரியம்மாதான் எனக்குப் போனில் சொன்னார்.

"காலைல எட்டு மணிக்கே ஷேவிங் பண்ணிக்கினு, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. பென்ஷன் ஆபீசுன்னு நெனச்சேன். அந்தக் காலண்டர் தாள எடுத்துக்கினு டெப்போ கேட்டுக்குப் போயிருக்காரு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், பெரிய சாபைப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. ரெண்டு மணி வரைக்கும் உக்கார வச்சிருக்காங்க."

சின்ன வயது அதிகாரி ஒருவர் வந்து, எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா இந்தியில் ஒரு பக்கம் எழுதினார். வரைந்தது நான். படம் எடுத்தது நான். போனில் போட்டது நான். அதிகாரி அதைப் படித்துவிட்டு, எந்தப் போனில் என்று கேட்டார். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பொத்தான் வைத்த பழைய போன். அதில் படமும் எடுக்க முடியாது, வாட்ஸ்அப்பும் கிடையாது.

அதிகாரி போனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் ஜாக்கிரதையாக இருங்கள் சாச்சா, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"நல்ல மனுசன் போல," என்றார் பெரியம்மா. "ஒண்ணும் ஆவலன்னு நான் நிம்மதியா இருக்கேன். இவரு இன்னாடான்னா சோறு துன்னாம உக்காந்துகினு இருக்காரு. கேட்டா, முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு பொய் என்ட்ரி போட்டதில்ல மரியம்மா, இன்னிக்கு அந்தக் கேட்டுலயே உக்காந்து போட்டேன், அந்தப் பையனும் கண்டுபுடிச்சிட்டான்றாரு. இன்னாடி பொய்யி? எனுக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. அவர் தாளில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் நிறைய இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் நீல நிறத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பெரியப்பா நாற்காலியில் இருந்தபடியே, "போன அதுல வச்சிட்டு வாம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டில் இருப்பவர் யாரிடமும் சொல்கிற குரல். நான் வைத்துவிட்டு உள்ளே போய், "பெரியப்பா, நான் பண்ணினது..." என்று ஆரம்பித்தேன்.

"விடு," என்றார். "சாப்ட்டியா?"

அதற்குப் பிறகு அவர் என்னைப் புத்தகம் வாசிக்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, கண்ணில் ஆபரேஷன் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார், வாசிப்பவள் நான் என்று தெரிந்தே. தசராவுக்கு டெப்போவில் நடக்கும் பூஜைக்கு ஓய்வு பெற்றவர்களுக்கு வருஷா வருஷம் அழைப்பு வரும். அன்று ஒரு நாள்தான் அவர்கள் பாஸ் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகலாம். முந்தின வருஷம், வேலையில் இருந்தபோதே, பெரியப்பா பூஜைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சட்டையைத் துவைத்து வைத்தவர். அந்த வருஷம் முதல்முறையாக அவருக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை.

"கூப்ட்டாங்க இல்ல? போயேன்," என்றார் அப்பா.

"கூப்டுவாங்க. அது அவங்க பெருந்தன்மை."

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சென்ற டிசம்பரில் தினேஷ் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்தான். பெரியப்பா ரயில் போட்டிருக்கிறார், வந்து பார் என்று பெரியம்மா சொன்னார். நான் ஸ்டூல்மேல் இருந்த டப்பாவில் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை, நானே வைத்துவிடுவேன்.

ஆறுக்கு நாலு பலகை கூடத்து ஜன்னலோரம் இருந்தது. மலையில்லை, குகையில்லை. ஓரமாக மெயின் லைன் ஒன்று போனது. அதிலிருந்து ஒற்றைத் தண்டவாளம் பிரிந்து, புல்லும் சரளைக்கல்லும் தாண்டி, ஒரு தெருவைக் குறுக்கே கடந்து, ஒரு நீண்ட சுவரை நோக்கிப் போனது. சுவரில் ஓர் இரும்புக் கேட், சாத்தியிருந்தது. தண்டவாளம் அதன் அடியில் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெயின்ட்கூட அடிக்காத வெறும் பலகை, இரண்டடி அகலத்துக்கு. தெருவில் போகிற யாரும் பார்க்கக்கூடிய இடம் இது. லோக்கலில் போனால் ஜன்னலிலிருந்து தெரியாதது ஒன்றுகூடப் பலகைமேல் இல்லை.

தினேஷ் குமிழைத் திருகினான். எஞ்சின், புதிதாக வாங்கிய ஒன்றோடு சேர்த்து ஐந்து வேகன்களைக் கேட்வரை தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

"கேட்டைத் தொறக்கற மாதிரி பண்ணலாமேப்பா. உள்ள ரெண்டடி சும்மா தான கெடக்குது. ஒரு ஷெட் போட்டுடு."

"உள்ள ஒண்ணும் இல்ல," என்றார் பெரியப்பா.

"அப்ப வண்டி இன்னா பண்ணும்?"

"நிக்கும். அப்புறம் திரும்பிப் போவும்."

பெரியம்மா சுவரோரத்தைக் காட்டி, "அந்த நாய மட்டும் பாரு, எவ்ளோ அழகா பண்ணியிருக்காரு," என்றார். கேட்டுக்கு வெளியே, மூன்று காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கியபடி நகத்தளவு நாய் ஒன்று நின்றது. இன்ஸ்பெக்டர். அதன் பெயர் அந்தக் கூடத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை.

புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. ஓர் இடம், ஒரு வருஷம்.

"இது எந்த வருஷம் பெரியப்பா?"

அவர் எஞ்சினைப் பார்த்தபடியே, "இப்போ தான்," என்றார்.

தினேஷ் குனிந்து, பலகையோடு பலகையாகப் போனைப் பிடித்து, வண்டி பின்னால் போவதை வீடியோ எடுத்தான். பெரியப்பா அவனுக்கு வெளிச்சம் விழுவதற்காக ஜன்னல் திரையை விலக்கிவிட்டார். பெரியம்மாவின் போன் சமையல்கட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பெரியப்பா வாசல்வரை வந்தார். "போன எடுத்துக்கம்மா, மறந்துடப் போற," என்றார். டப்பாவைத் திறந்தேன். உள்ளே என்னுடையது ஒன்றுதான் இருந்தது.